காக்கும் அரசும் கொல்லாமையும்

நாட்டைக் காப்பதற்காகக் கொல்வது அறமாகுமா என்பது மனிதர் எழுதத் தொடங்கிய நாள் முதலே கேட்டுவரும் கேள்வி. இந்தியாவில் அதற்கு நாள்தோறும் பதில் சொல்லும் பொறுப்பு பாதுகாப்பு அமைச்சகத்தின் தலையில் விழுந்திருக்கிறது. மற்ற அமைச்சகங்களின் செயலாலும் உயிர் போவதுண்டு. சரியாகக் கட்டாத பாலம் இடிந்து விழும். தாமதமாகப் போய்ச் சேர்ந்த மருந்தால் நோயாளி சாவார். ஆனால் அவை பிழைகள். பாதுகாப்பு அமைச்சகமோ பிறர் உயிரை எடுக்கவும் தன் ஆட்களின் உயிரைக் கேட்கவும் முன்கூட்டியே ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆயுதம் வாங்கி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பணமும் கேட்டுப் பெறுகிறது. 2025-26 நிதியாண்டில் அப்படி ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய்.

இந்த ஏற்பாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் அடித்தளம் இட்டிருக்கிறது. வெளி ஆக்கிரமிப்பிலிருந்து ஒவ்வொரு மாநிலத்தையும் காப்பது ஒன்றிய அரசின் கடமை என்கிறது 355-ஆவது பிரிவு. படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருந்தாலும் அதைச் சட்டப்படியே செலுத்த வேண்டும் என்கிறது 53-ஆவது பிரிவு. படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது 33-ஆவது பிரிவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். குடிமக்களின் உரிமையைக் காக்க நிற்பவர், அந்த உரிமைகளில் சிலவற்றை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் இடையே ஒரு கடன் தொடங்குவது இங்கேதான். அந்தக் கடனை யார், எப்படி அடைப்பது என்பதே இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி.

தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் அந்தக் கடனுக்கு மிகப் பழைய சான்றுகள் கிடைக்கின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் ரயில் பாதையில், குப்பத்துக்கும் பிசாநத்தத்துக்கும் இடையே இருக்கிறது குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து புழங்கும் பகுதி. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர் என்று மாறி மாறி ஆண்ட இந்த எல்லை நிலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை மாட்டுக்காக நடந்தவை. சித்தூர், கோலார், தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் அந்தச் சண்டைகளில் விழுந்தவர்களுடையவை.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் வெட்டப்பட்டிருக்கிறது. அருகில் அவனுடைய நாய். எழுத்து வட்டெழுத்து. கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தைக்காகப் போராடி அவன் இறந்ததைச் சொல்லிவிட்டு, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல் பதிவு செய்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டு நிலைத்திருக்கிறது. கடித்துக் குதறப்பட்ட கள்ளர் இருவருக்கும் கல்லில் பெயரில்லை.

இத்தகைய கற்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது பயன் தரும். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர், எதற்காக விழுந்தான் என்பது இருக்கும். அந்தச் சண்டை நியாயமானதா என்ற விசாரணை இருக்காது. மாடு மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டதுபோலவே மாடு கவரப் போய் இறந்தவனுக்கும் அவன் ஊர்க்காரர்கள் கல் நட்டார்கள். தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுக்கிறது: கல்லைத் தேர்வதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. கல் தேர்வதற்கு முறை சொன்ன இலக்கணம், சண்டையின் நியாயத்தைத் தேர்வதற்கு அங்கே முறை சொல்லவில்லை. சமயமும் இறந்தவனைத் தெய்வமாக்கியதோடு நின்றுவிட்டது. வீரன் சாமியானான், சண்டையின் நியாயம் பேசப்படாமலே போனது.

ஆனால் கல்லோடு இன்னொன்றும் வந்தது, அதுதான் முக்கியம். இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கன்னட நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. சிந்திய இரத்தத்துக்கு ஈடாக ஊர் கொடுத்த வயல். கல் புகழ் பாடியது, நிலம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. காவலுக்காக இறந்தவனுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இன்றைய பாதுகாப்பு நிதியில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 2025-26-இல் ஒதுக்கப்பட்டது 1.60 லட்சம் கோடி ரூபாய்க்கும் சற்று மேல். மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரும்பகுதி உயிரோடு பணி முடித்தவர்களுக்குப் போகிறது என்றாலும் அதன் அடியில் இருப்பது உதிரப்பட்டியின் நியாயம்தான். இந்தச் செலவைச் சுமை என்று எழுதும் பொருளாதார நிபுணர்கள், படை என்பது துப்பாக்கி வாங்குவதோடு முடிந்துவிடும் என்று எண்ணுகிறார்கள் போலும்.

கொல்வது அறமா என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் வள்ளுவர். அவர் நூலில் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம், இன்னா செய்யாமைக்கு ஓர் அதிகாரம். அதே நூலில் படைமாட்சி, படைச்செருக்கு, அரண் என்றும் அதிகாரங்கள். முரண்பாட்டைத் தீர்க்க உரைகாரர் வழியில் சொல்லப்படும் விடை எளிது: கொல்லாமை துறவறவியலில் வருகிறது, அது துறவிக்கு, படை பொருட்பாலில் வருகிறது, அது அரசனுக்கு. இந்தப் பங்கீடு வசதியானது. வசதியே அதன்மேல் சந்தேகம் கொள்ளப் போதுமான காரணம். கொல்லாமையை நன்றுகளில் எல்லாம் தலையானதாக வைத்த ஒருவர், அரண்மனை வாசலில் அது செல்லாது என்று நினைத்திருப்பார் என்று நம்புவது கடினம். செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவரைக் கொலையால் ஒறுப்பதைக் களை எடுப்பதோடு அவர் ஒப்பிடுகிறார். களைக்கு உறவில்லை, அழுவதற்கு யாரும் இல்லை. அதனால் அந்த உவமை உழவனுக்குப் புரியும் அளவுக்கு அறவாணருக்கு அமைதி தருவதில்லை. அது குற்றவாளியைப் பற்றியது, எதிரிப் படைவீரனைப் பற்றியது அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. எதிரில் நிற்கும் சிப்பாய் எந்தக் கொடுமையும் செய்யாதவனாக இருக்கலாம். அவனும் ஓர் ஊரின் காவலன்.

படையைப் பற்றிய குறள்களில் வள்ளுவர் வீரத்தைப் போற்றுகிறார். ஆனால் எதிரியைக் கொல்வது புண்ணியம் என்று எங்கும் சொல்வதில்லை. படைச்செருக்கிலேயே பகைவனுக்கு இடர் வந்தபோது உதவுவதை வீரத்தின் கூர்மை என்று வைக்கிறார். ஆகவே அவரிடமிருந்து பெறக்கூடிய நிலைப்பாடு இப்படி இருக்கலாம்: காவல் தவிர்க்க முடியாதது, அதில் நடக்கும் கொலை கொலைதான், அது காவலால் நற்செயலாக மாறிவிடாது, காக்கப்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரமாக நிற்கும். இது வள்ளுவர் சொன்ன முடிவு அல்ல, அவர் நூலை முழுதாகப் படித்தால் வந்து சேரக்கூடிய முடிவு.

சமணர் இதே சிக்கலை இன்னும் கணக்காகப் பிரித்தார்கள். இல்லறத்தார் செய்யும் ஹிம்சை நான்கு வகை. எண்ணித் துணிந்து கொல்வது ஒன்று. சமையல், வீட்டுவேலை போன்றவற்றில் நேர்வது இரண்டாவது. உழவிலும் தொழிலிலும் நேர்வது மூன்றாவது. தாக்க வருபவரைத் தடுக்கும்போது நேர்வது நான்காவது. விரோத ஹிம்சை என்பார்கள். இல்லறத்தார் முதல் வகையை முழுதும் விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைத்தால் போதும். துறவிக்கு நான்குமே விலக்கு. இந்தப் பகுப்பின் நேர்மை எதில் இருக்கிறது என்றால், தற்காப்புக் கொலைக்கும் ஹிம்சை என்ற பெயரையே அது விட்டுவைத்திருக்கிறது. அனுமதி உண்டு, ஆனால் வினை ஒட்டும்.

குடுபல்லிக்கு வடமேற்கே பக்கத்திலேயே இருக்கும் கோலார், மேலைக் கங்கரின் தொடக்ககாலத் தலைநகர். கங்கர் பலர் சமணத்தை ஆதரித்தவர்கள், சண்டைக்கும் குறைவில்லாதவர்கள். இரண்டாம் மாரசிம்மன் பல போர்களை நடத்திவிட்டு, 975-ஐ ஒட்டி, உணவைத் துறந்து சல்லேகனை நோன்பில் உயிர்விட்டான். அவனுக்கும் அவன் மகனுக்கும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்த சாவுண்டராயர்தான் சிரவணபெளகொளாவில் சுமார் 57 அடி உயர கோமடேசுவரர் சிலையை எழுப்பியவர். அண்ணனைப் போரில் வென்ற கணத்தில், வெற்றியே வேண்டாம் என்று நாட்டைத் துறந்து நின்ற பாகுபலியின் சிலை அது. அதைச் செய்வித்தவர் ஒரு சேனாதிபதி என்பது தற்செயலாக இருக்க முடியாது.

வருத்தமும் ஆயுதமும் ஒரே கையில் இருப்பதற்கு அசோகர் இன்னொரு சான்று. கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் அவருடைய பெரும் பாறைக் கட்டளைகள் இருக்கின்றன. பதின்மூன்றாவது கட்டளை கலிங்கப் போரில் ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டதையும் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் அதைவிடப் பன்மடங்கு மக்கள் மடிந்ததையும் சொல்லி வருந்துகிறது. வெற்றி பெற்ற அரசன் தன் வெற்றியின் விலையைத் தானே கல்லில் எழுதி வைத்தது உலக வரலாற்றில் அரிது. அதே கட்டளை காட்டுவாசி மக்களை நோக்கி, வருந்தினாலும் தண்டிக்கும் வல்லமை தன்னிடம் உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறது. இன்னொரு செய்தி பாடநூல்களில் அதிகம் வராது: போர் நடந்த கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், அந்தப் பதின்மூன்றாவது கட்டளை வெட்டப்படவில்லை. அங்கே வேறு கட்டளைகள். மனம் வருந்திய செய்தியை எல்லாரும் படிக்கலாம், பாதிக்கப்பட்டவர் மட்டும் படிக்கக் கூடாது என்பது அரசுகளுக்கு மிகப் பழைய பழக்கம்.

கீதையின் விடை வேறு. தன் கடமையைச் செய்து சாவது மேல் என்பது அதன் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் கருத்து. நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் குறிக்கோள் வாசகத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1758-இல் தொடங்கிய அந்தப் படைப்பிரிவின் போர்முழக்கம் இன்னும் வெளிப்படையானது: வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு. களத்தில் நிற்பவனின் தயக்கத்தைப் போக்க இரண்டும் உதவும். ஆனால் கீதையில் கேட்பவன் அர்ச்சுனன். போருக்குச் சம்மதித்தவர்களில் ஒருவனும் அவன், வில்லை வளைப்பவனும் அவன். முடிவெடுப்பவரும் சுடுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் இடத்தில் அந்த விடை பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். சிப்பாய்க்குக் கடமை சொல்லித் தேற்றலாம். அமைச்சரைத் தேற்ற அதே சுலோகம் போதாது. அவர் அம்பு விடுவதில்லை, கோப்பில் கையெழுத்திடுகிறார்.

நவீன அமைச்சகம் பழைய வீரனிடமிருந்து மாறுபடுவது இந்த இடத்தில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1776-இல் கல்கத்தாவில் தொடங்கிய ராணுவத் துறையே இதன் மூதாதை. 1938-இல் அது பாதுகாப்புத் துறை ஆனது, 1947 ஆகஸ்டில் அமைச்சகம். இப்போது அதற்குள் ஐந்து துறைகள் உண்டு. பாதுகாப்புத் துறை, ராணுவ விவகாரத் துறை, பாதுகாப்பு உற்பத்தித் துறை, ஆராய்ச்சி மேம்பாட்டுத் துறை, முன்னாள் படைவீரர் நலத்துறை. ராணுவ விவகாரத் துறை கார்கில் போரின் பாடங்களிலிருந்து நெடுங்காலம் கழித்துப் பிறந்தது. முதல் முப்படைத் தலைமைத் தளபதியாக ஜெனரல் பிபின் ராவத் 2020 ஜனவரி 1-இல் பொறுப்பேற்றார். போர், சமாதானம் பற்றிய முடிவு அமைச்சரவையினுடையது. வாகனம் செய்வது ஓரிடம், செயற்கைக்கோள் ஏவுவது வேறிடம், சுடுவது மூன்றாமிடம். 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் கோலார் தங்கவயல் ஆலை பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் வருவது. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகும் அந்த ஊரில் அது நிற்கிறது. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2018 டிசம்பர் 19-இல் விமானப்படையின் தகவல்தொடர்புக்கான ஜிசாட்-7ஏ ஏவப்பட்டது. தங்கவயலில் பற்றவைப்பவருக்கோ ஸ்ரீஹரிகோட்டாவில் எரிபொருள் நிரப்புபவருக்கோ, தாம் எந்தக் கொலையிலும் பங்கு கொண்டதாகத் தோன்றாது. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் பழியே இல்லாமல் போய்விடும் என்பது அறக்கணக்கில் செல்லுபடியாகாது.

பழி கரைந்துபோகாமல் இருக்கப் போர்ச்சட்டம் முயல்கிறது. அதிகாரமுள்ளவர் அறிவித்த போரா, காரணம் நியாயமானதா, நோக்கம் நேர்மையானதா என்று மூன்று நிபந்தனைகளை வைத்தார் கிறித்துவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ். பெண்கள், குழந்தைகள், துறவிகளைத் தொடக் கூடாது என்று இஸ்லாமியச் சட்டவியலார் வரையறுத்தார்கள். 1949-இன் ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு இந்தியா 1960-இல் சட்ட வடிவம் கொடுத்தது. இந்தச் சட்டங்கள் எதுவும் போரை அறமாக்குவதில்லை. வரம்பு போடுகின்றன, அவ்வளவே.

வரம்பு உடைந்தால் கடன் எப்படிப் பெருகும் என்பதற்குத் தமிழர் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி தமிழரைக் காக்கும் பணியோடு இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியரும் ஊழியர்களும் நோயாளிகளுமாகப் பலர் கொல்லப்பட்டார்கள். புலிகள் அங்கிருந்து சுட்டதாக இந்தியத் தரப்பு சொன்னது. சாவிலிருந்து தப்பிய ஊழியர்களின் சாட்சியம் வேறு கதை சொன்னது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது அதன் பக்கத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொழும்புப் பகுதியில் நினைவிடம் உண்டு. 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தில்லி தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்களோடு அவர்கள் பெயர்களும் உண்டு. மருத்துவமனையில் இறந்தவர்களை அவர்களோடு வேலை செய்தவர்கள்தாம் நினைவு கூர்கிறார்கள். எடுத்தனூர்க் கல்லின் வழக்கம் அப்படியே தொடர்கிறது: தன் பக்கத்து நாய்க்கும் பெயருண்டு, எதிர்ப்பக்கத்து மனிதனுக்குக் கிடையாது. காக்கப் போன மக்களே அந்த எதிர்ப்பக்கமாக மாறியபோது என்ன செய்வது என்பதற்கு உதிரப்பட்டி முறையில் விடை இல்லை. நவீன அமைச்சகத்திடமும் இல்லை.

அடுத்தது உண்மை. காவலுக்காகப் பொய் சொல்லலாமா? இதற்குச் சித்தூரே ஒரு வழக்கு. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே ஆற்காட்டு நாட்டுக்குள் இறங்கிய மைசூரின் ஹைதர் அலி, இரண்டரை ஆண்டுப் போருக்குப் பின் 1782 டிசம்பர் 7-இல் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ராஜபிளவை நோயால் இறந்தார். மூத்த மகன் திப்பு மலபாரில் போரில் இருந்தார். செய்தி வெளியே போனால் படை சிதறும், ஆங்கிலேயர் பாய்வார்கள், வாரிசுச் சண்டை வெடிக்கும். அதிகாரிகள் சாவை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போவதுபோல் கோலாருக்கு அனுப்பி, ஹைதரின் தந்தை அடங்கிய இடத்தருகே வைத்தார்கள். பிறகுதான் அது ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. திப்பு வந்து சேரும் வரை படைக்குள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இடையில் இளைய மகனை அரியணை ஏற்ற நடந்த சதி அடக்கப்பட்டது.

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கொடுத்த விலக்கு. ஹைதரின் அதிகாரிகள் அதற்குள் அடங்குவார்கள்: பொய் சில வாரங்களுக்கானது, அதன் நோக்கம் ஆட்சி மாற்றம் அமைதியாக நடப்பது, முடிந்ததும் உண்மை வெளிவந்தது. காலக்கெடு உள்ள மறைப்பு என்பதே அதைக் காப்பாற்றுகிறது. அதே அளவுகோலை இன்றைக்கு வைத்தால் விடை கலவையாக வரும். 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலுக்கு எட்டாவது பிரிவில் விலக்கு தருகிறது, ஆனால் மறைப்பதைவிட வெளியிடுவதில் பொதுநலன் அதிகம் என்றால் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக்குழுவின் அறிக்கை, சில பக்கங்கள் நீக்கப்பட்டு, 2000-இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்து 1963-இல் முடிந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையோ அரசு தானாக வெளியிடவே இல்லை; 2014-இல் அதன் ஒரு பகுதியை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வெளியிட்டார். எல்லை நிலவரத்துக்காக மறைக்கிறோம் என்பது முதல் பத்தாண்டுக்குப் பொருந்தியிருக்கலாம். அறுபது ஆண்டுக்குப் பிறகு மறைப்பது நாட்டைக் காப்பதாகத் தோன்றவில்லை, மறைத்தவர்களின் பெயரைக் காப்பதாகத்தான் தோன்றுகிறது.

அணு ஆயுதம் இந்தக் கேள்விகளை எல்லை வரை கொண்டு போகிறது. 1974 மே 18 சோதனைக்குச் சிரிக்கும் புத்தர் என்று பெயரிட்டார்கள். 1998 மே 11 சோதனை புத்த பூர்ணிமை அன்று நடந்தது. இடையில், 1995-இல், சர்வதேச நீதிமன்றத்தில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று இந்தியா வாதிட்டது. 2003 ஜனவரி 4-இல் அறிவிக்கப்பட்ட கொள்கைப்படி இந்தியா முதலில் பயன்படுத்தாது. தாக்கப்பட்டால் பதிலடி பெரும் அழிவாக இருக்கும். முதலில் தொடுவதில்லை என்பது விரோத ஹிம்சையின் இலக்கணத்துக்குள் வரும். பதிலடிப் பகுதி வராது, ஏனென்றால் அதில் சாகப்போவது தாக்கியவர் அல்லர், தாக்கிய நாட்டின் ஊர்கள். செய்ய மாட்டோம் என்ற நம்பிக்கையில், செய்வோம் என்று உறுதியாகச் சொல்வதில்தான் அச்சுறுத்தித் தடுக்கும் கொள்கையே நிற்கிறது. செய்யும் எண்ணம் உண்மையானால் அது எண்ணித் துணிந்த ஹிம்சை, உண்மையில்லையென்றால் பொய். இரண்டில் எது என்று எந்த நாட்டு அமைச்சகமும் சொல்வதில்லை. சொன்னால் கொள்கை குலைந்துவிடும்.

பாதுகாப்பு என்பது படையோடு முடிவதில்லை என்பதையும் வள்ளுவர் தெளிவாக வைத்தார். அரசின் ஆறு உறுப்புகளில் படைக்கு அடுத்துக் குடியையும் கூழையும் எண்ணுகிறார். நல்ல நாட்டுக்கு இலக்கணமாகப் பசி, நோய், பகை மூன்றும் இல்லாமையைச் சொல்லும்போது பகையைக் கடைசியில் நிறுத்துகிறார். அரண் உணவு நிறைந்ததாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் செயலில் சிறக்காவிட்டால் எந்த அரணும் பயன்படாது. இதன் உண்மையை இந்தியா 1965-இல் உணர்ந்தது. எல்லையில் பாகிஸ்தானோடு போர், களஞ்சியத்தில் அமெரிக்கக் கோதுமை. கப்பலை நிறுத்தினால் போரும் நிற்கும். பிரதமர் சாஸ்திரி ஜவானையும் கிசானையும் ஒரே முழக்கத்தில் சேர்த்தது அந்த ஆண்டு. உணவு அமைச்சராக இருந்து புதிய கோதுமை விதைகளுக்கு வழி திறந்த சி. சுப்பிரமணியம் 1979-இல் சிறிது காலம் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். அவர் நாட்டின் பாதுகாப்புக்குச் செய்த பெரும்பணி முதல் பதவியில் செய்ததுதான் என்பதில் ஐயமில்லை.

இதை ஒரு கொள்கையாகவே வகுத்த நாடு சிங்கப்பூர். அங்கே 1984-இல் தொடங்கிய முழுமைத் தற்காப்புத் திட்டத்தில் ராணுவம் ஓர் அங்கம் மட்டுமே. குடிமை, பொருளியல், சமூகம், மனவுறுதி ஆகியவை மற்றவை. 2019-இல் மின்னிலக்கமும் சேர்ந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிப்ரவரி 15-ஐ ஆண்டுதோறும் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் குடிமைப் பாதுகாப்பு உள்துறையிடம், உணவு இன்னொரு அமைச்சகத்திடம், விண்வெளி பிரதமரின் கீழுள்ள தனித்துறையிடம். எல்லைச் சாலை அமைப்பு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் அதன் சாலையால் மலைக்கிராமத்து மக்களும் பயன் பெறுகிறார்கள்.

மனவுறுதி என்ற அங்கத்தில் சமயம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று ஏழுமலையானின் திருவடியில் வைத்து வணங்குவது வழக்கமாகிவிட்டது. ராணுவத்தில் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார், பௌத்தத் துறவி என்று சமய ஆசிரியர் பணியிடங்கள் உண்டு. பல முகாம்களில் எல்லா மதங்களுக்கும் ஒரே கூரையின் கீழ் வழிபாட்டிடம் உண்டு. சாகத் தயாராக நிற்பவனுக்குக் கடவுள் வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கடவுள் யாருடையவர் என்பது சிக்கலாகலாம். தன் படைப்பிரிவின் கோயில் கருவறைக்குள் நுழைய மறுத்த கிறித்துவ அதிகாரி ஒருவரின் பணிநீக்கத்தை 2025-இல் தில்லி உயர் நீதிமன்றமும் பின்பு உச்ச நீதிமன்றமும் சரியென்றன. வீரர்களின் ஒற்றுமைக்குத் தலைவனின் மனச்சாட்சி இடம் விட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படை நடத்த அது தேவையாக இருக்கலாம். மனச்சாட்சி உரிமையைப் பேசுபவர்களுக்கு அது கசப்பான முடிவு.

கொல்ல மறுப்பவரின் மனச்சாட்சி இந்தியாவில் இன்னும் பெரிய கேள்வியாகவில்லை, ஏனென்றால் இங்கே படையில் சேருவது விருப்பத்தின்படி. 1967 முதல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கிய சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்களும் மற்றவர்களைப் போலவே படைக்குப் போகிறார்கள். ஆயுதம் ஏந்த மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் சபையின் பதிவு அங்கே 1972-இல் நீக்கப்பட்டது. சேவையை மறுக்கும் அதன் இளைஞர்கள் ராணுவத் தடுப்புக்காவலுக்குப் போகிறார்கள். பிரிட்டனோ முதல் உலகப்போரின் நடுவிலேயே, 1916-இல், கட்டாய ஆளெடுப்பைக் கொண்டுவந்த சட்டத்திலேயே மனச்சாட்சி மறுப்பைக் கேட்கத் தீர்ப்பாயங்களை அமைத்தது. இந்திய அரசமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்துவிட்டு, அதன் இரண்டாம் உட்பிரிவில் பொதுநோக்கத்துக்காகக் கட்டாய சேவையை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற காரணங்களால் மட்டும் அதில் வேற்றுமை காட்டக் கூடாது என்பதே அங்குள்ள ஒரே நிபந்தனை. கொல்ல மாட்டேன் என்பவருக்கு விலக்கு உண்டா என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.